படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விளையாட்டுச் சாதனையாளர்களுக்கு விருது வழங்கும் விருந்தைப் பற்றித் தங்கள் நாளிதழ் சென்ற வாரம் முழுப் பக்கச் செய்தி ஒன்றை வெளியிட்டிருந்தது. பதினொரு வண்ணப் படங்கள் இருந்தன. அவற்றுள் எட்டு, வாசலில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் எடுக்கப்பட்டவை. யார் எந்த வடிவமைப்பாளரின் உடையில் வந்தார், யாருடைய காதணி எப்படி மின்னியது என்பதை அந்தப் படங்களும் அவற்றின் கீழிருந்த வரிகளும் குறைவின்றிச் சொல்லின. ஒன்பதாவது படத்தில், பார்வையற்ற ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர் கோப்பையை மார்போடு அணைத்தபடி மேடையில் நிற்கிறார். அப்படத்தின் இடது ஓரத்தில், கறுப்புக் கோட்டின் கைக்குள் மடிந்த ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. அதற்குரிய மனிதர் படத்துக்கு வெளியே போய்விட்டார். அந்த முழங்கை யாருடையது என்பது எனக்குத் தெரியும். அன்றிரவு ஏறக்குறைய மூன்று மணி நேரம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் நான் அமர்ந்திருந்தேன். ஆகவேதான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். பள்ளிப் பருவத்தில் என்னிடம் ஓடத் தொடங்கிய மாணவி ஒருவர், இப்போது 800 மீட்டர் ஓட்டத்தில் பெயர் சொல்லும் இடத்துக்கு வந்து, இவ்வாண்டு அந்த விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். ஒவ்வொரு வீரரும் தம்முடன் ஒருவரை அழைத்து வரலாம் என்று அழைப்பிதழில் இருந்ததாம். “இப்போதைய கோச் வெளியூர் முகாமில் இருக்கிறார் சார், முதல் கோச் நீங்கள்தான், நீங்கள்தான் வர வேண்டும்” என்றார். மறுக்க மனம் வரவில்லை. கோட்டு மட்டும் மருமகனுடையது. தோள்பட்டையில் கொஞ்சம் தளர்வாக இருந்தது.

குறை சொல்லத் தொடங்கும் முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பகட்டு எனக்குப் பிடித்திருந்தது. விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, அவர்கள் ஆண்டு முழுவதும் வியர்வை காயாத பனியனிலும் முழங்காலில் கட்டிய பட்டையிலும்தான் உலவுகிறார்கள் என்பது தெரியும். விடியலுக்கு முன் எழுந்து, மற்றவர்கள் உறங்கப் போகும் நேரத்துக்கு முன்பே உறங்கி, திருமணங்களுக்கும் பண்டிகைகளுக்கும் போகாமல் இருந்து பழகியவர்கள் ஒரே ஓர் இரவில் பட்டும் சரிகையுமாக விளக்கொளியில் நடந்து வந்தால் அதில் தவறு காண எனக்கு ஒன்றுமில்லை. வட்டு எறியும் பெண் ஒருவர், தம் தோள்களின் அகலத்தை மறைக்காமல் தைத்திருந்த உடையில் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தபோது, விளையாட்டுத் திடலில் ஏளனத்துக்கு அஞ்சிக் கூனி நடந்த எத்தனையோ மாணவியர் என் நினைவுக்கு வந்தார்கள். ஆகவே என் முறையீடு விளக்குகளின் மீதோ கம்பளத்தின் மீதோ அல்ல. யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதும், அதைத் தங்கள் செய்தி எவ்வாறு காணாமல் விட்டது என்பதுமே என் முறையீடு.

இத்தகைய விருந்துகளின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றில் நினைவில் நிற்பவை உடைகள் அல்ல. 1957இல் விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்ற ஆல்தியா கிப்சன், அப்பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். இரண்டாம் எலிசபெத் அரசியின் கையால் கோப்பையைப் பெற்றுக்கொண்டு, அன்றிரவு நடந்த விம்பிள்டன் நடன விருந்தில் ஆடவர் பட்டம் வென்ற லூ ஹோடுடன் அவர் நடனமாடினார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை, அதாவது 1950 வரை, அவருடைய சொந்த நாடான அமெரிக்காவின் தேசிய டென்னிஸ் போட்டியில் கறுப்பினத்தவர் எவரும் களமிறங்க இயலாத நிலை இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நடனத்தை எண்ணிப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும். பட்டம் வென்ற இருவரும் சேர்ந்து ஆடும் அந்த வழக்கம் பிற்காலத்தில் பல்லாண்டுகள் நின்றுபோய், 2015இல் ஜோகோவிச்சும் செரீனா வில்லியம்ஸும் ஆடியபோது மீண்டும் உயிர்பெற்றது. அப்போதும் செய்தித்தாள்கள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் வெளியிட்டன. கிப்சனின் பெயரை நினைவுகூர்ந்தவர்கள் சிலரே.

இதற்கு நேர்மாறான இரவு ஒன்றும் உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்று நாடு திரும்பிய ஜெஸ்ஸி ஓவன்ஸை நியூயார்க் நகரம் ஊர்வலமாக அழைத்துச் சென்றது. ஊர்வலம் முடிந்தபின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் அவரைப் பாராட்டி வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. கறுப்பினத்தவர் என்பதால் முன்வாசல் வழியே அனுமதிக்கப்படாமல், சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் ஏறித்தான் அவர் தம் பாராட்டு விழாவுக்கே போய்ச் சேர்ந்தார். அந்த விருந்தில் என்ன பரிமாறினார்கள், யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது இன்று எவருக்கும் வேண்டாத செய்தி. அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்பது மட்டும் தொண்ணூறு ஆண்டுகளாகியும் மறக்கப்படவில்லை.

நான் சென்ற விருந்தில் அத்தகைய கொடுமை எதுவும் நடக்கவில்லை, மிகைப்படுத்த விரும்பவில்லை. எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போனோம். உள்ளே போனபின்தான் பிரிக்கப்பட்டோம். அழைப்பிதழில் “உடன் வருபவர்” என்று அச்சிட்டிருந்தாலும், அந்த “உடன்” என்ற சொல் கூடத்தின் கதவோடு முடிந்துவிட்டது. மேடையையொட்டிய வரிசைகளில் விளம்பரதாரர்களின் மேசைகள் இருந்தன. மேசைக்கு ஒரு வீரர் என்ற கணக்கில், பூச்சாடியைப் பகிர்ந்து வைப்பதைப்போல, சாதனையாளர்களை அந்த மேசைகளில் ஒவ்வொருவராக அமர்த்தினார்கள். பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்டுகள், பெற்றோர், எங்களைப் போன்ற பழைய ஆசிரியர்கள் ஆகிய அனைவரும் கூடத்தின் கடைசிக்கு, சமையலறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் காற்று வந்து மோதும் இடத்துக்கு, அனுப்பப்பட்டோம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். படைக்கு முந்தியவர்களைப் பந்தியில் பிந்தவிட்ட முறையை அங்குதான் கண்டேன்.

ஆனால் அந்தக் கூடத்திலேயே மிகச் சிறந்த மேசை எங்களுடையதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் வலப்புறம் இருந்தவர் குத்துச்சண்டை வீரர் ஒருவருக்குப் பயிற்சி எதிராளியாக இருப்பவர். அடுத்துச் சந்திக்கப் போகும் போட்டியாளர் இடக்கைக்காரர் என்றால் இவரும் இடக்கைக்காரராக மாற வேண்டும். அவர் குனிந்து புகுந்து அடிப்பவர் என்றால் இவரும் அப்படியே பழகி, வாரக்கணக்கில் அந்த அடியை வாங்கவும் கொடுக்கவும் வேண்டும். “வருஷத்துல நாலு பேரா வாழறேன் சார்” என்று சிரித்தார். முகமது அலிக்கு அவ்வாறு பயிற்சி எதிராளியாக இருந்த லாரி ஹோம்ஸ் பின்னர் தாமே உலகப் பட்டம் வென்று, 1980இல் அலியையே தோற்கடித்தார் என்ற செய்தியை அவரிடம் சொன்னேன். அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, தெரியாததைப்போலக் கேட்டுக்கொண்டார். எதிரே ஒரு தாய் இருந்தார். மகன் நீச்சல் வீரர். பத்தாண்டுகளாகக் காலை நான்கரை மணிக்கு அவனை எழுப்பியவர் என்பதைத் தவிரத் தம்மைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை என்றார்.

இடப்புறம் இருந்தவர்தான் அந்த முழங்கைக்குரியவர். முற்றிலும் பார்வையற்றோர் பிரிவில் ஓடும் அந்த வீராங்கனையின் வழிகாட்டி ஓட்டக்காரர். இந்தப் பணியைப் பற்றித் தங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். அப்பிரிவில் ஓடுபவர்கள் அனைவரும் சமநிலைக்காகக் கண்களை ஒளிபுகாத மறைப்பால் மூடிக்கொள்கிறார்கள். வீரரின் கையையும் வழிகாட்டியின் கையையும் ஒரு சிறு கயிறு இணைக்கிறது. இருவருக்குமாகச் சேர்த்து இரண்டு ஓடுபாதைகள் தரப்படுவதால், எட்டுப் பாதைகள் கொண்ட தடத்தில் விரைவோட்ட இறுதிச்சுற்றில் நான்கே இணைகள்தான் ஓட முடியும். இருவருடைய கைகளும் கால்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல அசைய வேண்டும். வழிகாட்டி வீரரைவிட வேகமானவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் தடுமாறும் நேரத்தில் தாங்க முடியாது. ஆனால் அவர் இழுத்துச் செல்லக் கூடாது, தள்ளவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவுக்கோட்டை வீரர்தான் முதலில் கடக்க வேண்டும். வழிகாட்டி முந்திவிட்டால் தகுதியிழப்பு. ஒரு மனிதர் தம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடைசி அடியில் பின்தங்குவதற்கென்று தனியாகப் பயிற்சி எடுக்கிறார் என்பதைக் கேட்டபோது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்டாப்வாட்ச்சோடு வாழ்ந்த எனக்கே சற்று நேரம் பேச்சு வரவில்லை. பாராலிம்பிக் போட்டிகளில் வழிகாட்டிக்கும் பதக்கம் அணிவிக்கிறார்கள். ஒலிம்பிக்கில் பயிற்சியாளர்களுக்குப் பதக்கம் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே இந்த ஒரு செய்தியில் பாராலிம்பிக் நமக்கு முன்னே ஓடுகிறது என்பேன்.

மேடைக்கு அழைக்கும் நேரம் வந்தது. தொகுப்பாளர் வீராங்கனையின் பெயரை மட்டும் உரக்க அறிவித்தார். முன்வரிசை மேசையில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே அமர்த்தப்பட்டிருந்த அந்தப் பெண் எழுந்து நின்றார், நின்றபடியே இருந்தார். எந்தப் பக்கம் படி, எத்தனை படி என்பதை அவருக்குச் சொல்ல அந்த மேசையில் எவருக்கும் தோன்றவில்லை. கைதட்டல் ஒலித்துக்கொண்டே இருக்க, எங்கள் மேசையிலிருந்து இவர் எழுந்து, நாற்காலிகளுக்கிடையே ஏறக்குறைய ஓடினார் என்றே சொல்ல வேண்டும். அருகில் போய்த் தம் முழங்கையை நீட்டினார். அப்பெண் அதைப் பற்றிக்கொண்டு ஆறு படிகளையும் தயக்கமின்றி ஏறினார். மேலே சென்றபின், தம் பெயர் அழைக்கப்படவில்லை என்பதால், இவர் பழக்கப்பட்ட அந்த ஓரடியைப் பின்வாங்கித் திரைச்சீலையின் மடிப்போரம் நின்றுவிட்டார். தங்கள் புகைப்படக் கலைஞரின் படத்தில் பதிந்தது அந்தக் கணம்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. மேடையே வெட்டிவிட்ட ஒருவரைப் படமும் வெட்டியது, அவ்வளவுதான்.

வீரர்களையும் உடன் வந்தவர்களையும் பிரித்து அமர்த்தியதால் வந்த இடர் அது ஒன்று மட்டுமன்று. என் மாணவி அன்றிரவு பெரும்பாலும் எதையும் உண்ணவில்லை. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, ஒரு வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் அதற்குப் பொறுப்பு அவரே. அதனால் மூடி உடைக்காத தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கைப்பைக்குள் கொண்டுவந்திருந்தார். அவருக்கு இருபுறமும் இருந்த பெரியவர்களோ, நம் வீட்டு விருந்தில் பிள்ளை சாப்பிடாமல் இருப்பதைப் போல எண்ணி, பானங்களை ஊற்றி ஊற்றி வைத்து உபசரித்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள், ஐயமில்லை. ஆனால் அருகில் ஒரு பயிற்சியாளர் இருந்திருந்தால் ஒரே சொல்லில் நாசூக்காக முடித்திருப்பார். இளம் பெண் ஒருவர் தனியாக, பரிசளிக்கும் நிறுவனத்தாரிடம் எத்தனை முறை மறுக்க முடியும்? எடைப் பிரிவுகளில் போட்டியிடுபவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியன்று காலையில் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்தார் என்பதற்காக வெளியேற்றப்பட்டதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த 100 கிராமைக் கண்முன் வைத்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு நீண்ட விருந்து என்பது எத்தகைய சோதனை என்பதை எங்கள் மேசையில் இருந்தவர்கள் அறிவார்கள். முன்மேசையில் இருந்தவர்கள் அறிய வாய்ப்பில்லை.

இன்னொன்றும் நடந்தது. இரவு பத்து மணியளவில் என் மாணவி மேசையடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஏதோ தட்டச்சு செய்தார். விருந்தை மதிக்காமல் கைப்பேசியில் மூழ்கியிருக்கிறார் என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன். உண்மையில், சோதனைக்கு உட்பட்ட முன்னணி வீரர்கள் ஒவ்வொரு நாளும் தாம் எங்கே உறங்குவோம், எந்த ஒரு மணி நேரத்தில் எங்கே கட்டாயம் இருப்போம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதங்களுக்குள் மூன்று முறை தவறினால், ஊக்கமருந்தைத் தொடாதவருக்கும் தடை விதிக்கப்படலாம். விருந்து நீண்டுகொண்டே போனதால் அவர் ஊர் திரும்ப முடியாமல் அன்றிரவு விடுதியிலேயே தங்க வேண்டியதாயிற்று. அந்த முகவரி மாற்றத்தைத்தான் அவர் பதிவு செய்துகொண்டிருந்தார்.

பேச்சு நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பாடல், ஆடல், விளம்பரப் படம் ஆகியவற்றுக்குத் தாராளமாக ஒதுக்கப்பட்ட நேரம், விருது பெற்றவர்கள் பேசும்போது மட்டும் எண்ணி எண்ணித் தரப்பட்டது. ஒருவர் தம் முதல் பயிற்சியாளரின் பெயரைச் சொல்லத் தொடங்கும் முன்பே பின்னணி இசை எழுந்து அவரை மூழ்கடித்துவிட்டது. என் மாணவியிடம் உடையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். ஓட்டத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. 2018இல் மகளிருக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட பாலோன் தோர் விருதைப் பெற மேடையேறிய நார்வே கால்பந்து வீராங்கனை அடா ஹெகர்பெர்க்கிடம், இடுப்பை ஆட்டும் ஒரு நடனம் ஆடத் தெரியுமா என்று தொகுப்பாளர் கேட்டு, அவர் “இல்லை” என்று ஒற்றைச் சொல்லில் மறுத்ததும், பின்னர் அந்தத் தொகுப்பாளர் மன்னிப்புக் கேட்டதும் உலகறிந்தவை. அவ்வளவு மோசமாக எதுவும் இங்கே நடக்கவில்லை என்றாலும், அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

இப்படித்தான் நடத்த முடியும், வேறு வழியில்லை என்று சொல்பவர்களுக்காகச் சில செய்திகளை நினைவூட்டுகிறேன். பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு பிரெஞ்சு ஓப்பன் நடைபெறும் நாட்களில் பாரிசில் பல்லாண்டுகள் நடத்திவந்த உலகச் சாம்பியன்கள் விருந்தில், ஒற்றையர் சாம்பியன்கள் ஏறும் அதே மேடையில் அதே இரவில் சக்கர நாற்காலி டென்னிஸ் சாம்பியன்களும் இளையோர் பிரிவுச் சாம்பியன்களும் கௌரவிக்கப்பட்டார்கள். பார்முலா ஒன் கார்ப் பந்தயங்களில் முதல் மூன்று ஓட்டுநர்களோடு, வென்ற அணியின் சார்பில் இன்னொருவரும் மேடையேறிக் கோப்பை வாங்குகிறார். அணிகள் பல நேரங்களில் பொறியாளரையோ மெக்கானிக்கையோ அனுப்புகின்றன. டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றியாளருக்கான மஞ்சள் பனியனை வென்றவர், தமக்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே சென்ற அணித்தோழர்களுக்குத் தம் பரிசுப் பணத்தைப் பகிர்ந்து கொடுத்துவிடுவது நெடுங்கால வழக்கம். 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியட் கிப்சோகே மாரத்தான் தொலைவை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடியபோது, அவருக்கு வேகம் கட்டித் தர 41 ஓட்டக்காரர்கள் முறைவைத்து ஓடினார்கள். அது உலகச் சாதனையாக ஏற்கப்படாததற்கு அவர்கள் அவ்வாறு மாறி மாறி வந்ததும் ஒரு காரணம். ஆனால் முடிவுக்கோட்டருகே அவர்களும் சேர்ந்து துள்ளிக் குதித்த காட்சியைப் பார்த்த எவரும், அதில் கிப்சோகேயை மட்டும் வெட்டியெடுத்து வெளியிட நினைத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பழையது. 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, மனிதரால் ஆகாது என்று பலர் எண்ணியிருந்ததைச் செய்து காட்டினார். அந்த ஓட்டத்தில் தொடக்கச் சுற்றுகளில் கிறிஸ் பிராஷரும், அதன்பின் கடைசிச் சுற்று வரை கிறிஸ் சாட்டவேயும் முன்னே ஓடி அவருக்கு வேகம் கட்டித் தந்தார்கள். அவ்வாண்டு இறுதியில் பிபிசி நிறுவனம் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமைக்கான விருதை முதன்முறையாக வழங்கியது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது பேனிஸ்டரை அல்ல, சாட்டவேயை. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் வீரர் விளாடிமிர் கூட்ஸை 5000 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனையுடன் அவர் வென்றிருந்ததே அதற்கு முதன்மையான காரணம். ஆகவே வேகம் கட்டித் தந்ததற்காகக் கிடைத்த விருது என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும், உலகப் புகழ்பெற்ற ஓட்டம் ஒன்றில் பின்தங்கித் தோழனுக்கு வழிவிட்டவர், சில மாதங்களில் அதே தோழனை முந்தி மேடையேறினார் என்ற செய்தியை எங்கள் மேசையில் சொன்னபோது, வழிகாட்டி ஓட்டக்காரர் தம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அந்த இன்னொருத்தர் பேர் என்ன சொன்னீங்க, பிராஷரா? அவருக்கு என்ன கொடுத்தாங்க?” என்று கேட்டார். பிராஷர் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார் என்று சொன்னேன். நிம்மதியடைந்தவரைப்போலத் தலையசைத்துக்கொண்டார்.

ஒரு வெற்றிக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரையும் குறிப்பிட்டால் பக்கம் போதாது என்று செய்தியாளர்கள் சொல்லக்கூடும். அதற்கு என் பதில் ஒன்றுண்டு. 2003இல் லாரியஸ் அமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பெற்றபோது பெருமை அவர் ஒருவருக்கே சேர்ந்தது. 2012இல் அவருடைய ஊக்கமருந்துப் பயன்பாடு வெளிச்சத்துக்கு வந்தபோதோ, அணியின் மேலாளர் யார், மருத்துவர்கள் யார், பயிற்சியாளர் யார், உடன் ஓட்டியவர்கள் யார் என்று ஒவ்வொருவர் பெயரும் படத்தோடு செய்தித்தாள்களில் வந்தது. பழியைப் பகிர்ந்தளிக்கும்போது கிடைக்கிற இடம், பெருமையைப் பகிர்ந்தளிக்கும்போது மட்டும் கிடைக்காமல் போவது எப்படி?

விருந்தை நடத்தியவர்களுக்கு என் கோரிக்கையைத் தனியே எழுதியிருக்கிறேன். வீரரையும் அவருடன் வருபவரையும் ஒரே மேசையில் அமர்த்துங்கள் என்பதும், வழிகாட்டி ஓட்டக்காரர் போன்றவர்களை வீரரோடு சேர்த்தே பெயர் சொல்லி அழையுங்கள் என்பதும் மட்டுமே அதன் சாரம். விளம்பரதாரர்களுக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. அவர்களுடைய மேசைக்கு ஒருவருக்குப் பதிலாக இருவர் வருவார்கள், பேச்சும் சுவையாக இருக்கும்.

தங்களிடம் கேட்பது வேறு. இனி இத்தகைய விழாக்களுக்குச் செய்தியாளரை அனுப்பும்போது, அவரைக் கம்பளத்தின் ஓரத்தோடு நிறுத்திவிடாமல் கூடத்தின் கடைசி மேசை வரை நடக்கச் சொல்லுங்கள். இசையால் விழுங்கப்பட்ட ஏற்புரைகளை விழா முடிந்தபின் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். என் மாணவி கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் பதினான்கு பெயர்கள் இருந்தன. மேடையில் அவரால் இரண்டைத்தான் படிக்க முடிந்தது. காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எங்கள் மேசைக்கு வந்து, மீதிப் பன்னிரண்டையும் எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறங்கப் போனார். மறுநாள் காலை அவருக்கு ஓட்டப் பயிற்சி இருந்தது. அந்தத் தாள் இப்போதும் அவரிடம் இருக்கிறது. தங்கள் செய்தியாளர் கேட்டால் தருவார்.

இறுதியாக, அந்த ஒன்பதாவது படம். அதன் அசல் தங்கள் அலுவலகத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். வெட்டப்படாத வடிவத்தில் இடதுபுறம் நிற்பவர் முழுமையாகவே பதிவாகியிருக்கலாம். வழிகாட்டி ஓட்டக்காரரின் பெயரை, அவருடைய ஒப்புதலைப் பெற்று, ஒரு தனித்தாளில் தெளிவாக எழுதி இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். தலைப்பெழுத்து முன்னால் வரும். பெயரில் வருவது இடையின ரகரம், வல்லின றகரம் அன்று. திருத்தம் வெளியிடும்போது இதைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்